இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வருகிறது என்று கேட்டவருக்கு

நீங்கள் கேட்டது மூன்று கேள்வி. நித்திரையின் 90 நிமிடச் சுழற்சிக்கு ஏற்றபடி எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும் என்பது முதலாவது. உங்கள் ஸ்மார்ட் வோச் 'ஆழ்ந்த நித்திரை 40 நிமிடம்' என்று காட்டுகிறதே, இதனால் மூளை பழுதாகுமா என்பது இரண்டாவது. அம்மாவுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் நித்திரைக் குளிசையில் பாதியை நீங்கள் போடலாமா என்பது மூன்றாவது. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது கேள்விகளுக்கு மேலே நீங்கள் போட்டிருந்த விவரம். வயது 43, ஒட்டுசுட்டான் பக்கம், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறீர்கள், வயலும் செய்கிறீர்கள். இரவு எட்டே முக்காலுக்கே படுத்துவிடுகிறீர்கள். இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் ஐந்து மணி வரை புரண்டுகொண்டே கிடக்கிறீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டுவிட்டு இரண்டரையிலிருந்து நாலரை வரை ஒரு படுக்கை. எழும்பியதும் இரண்டு சாயத் தேத்தண்ணி. சனி, ஞாயிறு காலை எட்டு மணி வரை நித்திரை. கதிர் வந்த பிறகு கிழமைக்கு இரண்டு இரவு வயலில் யானைக் காவல். இவ்வளவையும் சேர்த்து வாசித்தால், "எனக்கு என்னவோ வருத்தம் வந்துவிட்டதா, மருந்து வேண்டுமா?" என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று விளங்குகிறது.

நான் இலங்கையின் வடக்கே வன்னியில் அரச வைத்தியசாலைகளில் நீண்ட காலம் வெளிநோயாளர் பிரிவில் வேலை செய்த மருத்துவர். நித்திரைக்கென்று தனிப்படிப்புப் படித்தவன் கிடையாது. ஆனால் "ஐயா, நித்திரை இல்லை" என்ற சொல்லை நான் கேட்காத நாள் இருந்திருக்காது. உங்களை நேரில் பார்க்கவில்லை, பிரஷர் பார்க்கவில்லை, சீனி பார்க்கவில்லை. ஆகவே கீழே சொல்வது எழுத்தை வைத்துச் சொல்வதுதான். எது உறுதி, எது ஐயம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். எட்டே முக்காலுக்குப் படுத்து ஒன்பது மணிக்குக் கண் அயர்ந்தால் இரண்டு மணி வரை 5 மணித்தியாலம். பின்னேரம் 2 மணித்தியாலம். மொத்தம் 7. வளர்ந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் 7 மணித்தியாலமாவது நித்திரை வேண்டும் என்பதுதான் இன்று பரவலாக ஏற்கப்பட்ட அளவு. நீங்கள் அதைக் கொள்கிறீர்கள். உங்களுக்கு நித்திரை குறைவில்லை, துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. இரவு இரண்டு மணிக்கு உங்கள் உடம்பு "எனக்குப் போதும்" என்று சொல்கிறது, நீங்கள் அதை நோய் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். இந்தக் கணக்குப் பிடிபட்டால் மிச்சம் எல்லாம் இலகு.

ஏன் இப்படி என்று விளங்க, உடம்புக்குள் இரண்டு வேலை நடப்பதைத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, விழித்திருக்க விழித்திருக்க நித்திரைக்கான அழுத்தம் ஏறுவது. மூளை வேலை செய்யும்போது அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டு வரும். அது கூடக் கூடக் கண் சொருகும். நித்திரை கொண்டால் அது இறங்கும். மற்றது, மூளையின் அடியில், இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே போகும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிற ஒரு சிறு நரம்புத் திரள். அதுதான் உடம்பின் மணிக்கூடு. எத்தனை மணிக்கு உடம்புச் சூடு இறங்க வேண்டும், இரவு வந்ததை உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் எப்போது சுரக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் கையில். இந்த இரண்டும் தனித்தனியே ஓடி ஒரு இடத்தில் சந்திக்கும்போதுதான் நல்ல நித்திரை வரும் என்று 1982இல் அலெக்சாண்டர் போர்பெலி என்ற சுவிஸ் ஆய்வாளர் ஒரு மாதிரியை எழுதினார். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் அதன் அடிப்படை ஆடவில்லை. மணிக்கூட்டுக்குள் மரபணுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று கண்டறிந்ததற்காகத்தான் 2017இல் ஹால், ரோஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த மணிக்கூட்டுக்கு ஒரு குணம். வெளிச்சம் தெரியாமல் அடைத்து வைத்தால் பெரும்பாலானோருக்கு அது 24 மணித்தியாலத்தை விடச் சில நிமிடங்கள் கூடுதலாக ஓடும். ஒவ்வொரு நாளும் அதைத் திருத்திச் சரிப்படுத்துவது காலை வெளிச்சம். சுவரில் தொங்கும் மணிக்கூட்டை அது மதிக்காது. எங்கள் ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். 1996இல் அரசாங்கம் நேரத்தை முன்னே தள்ளியபோது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியது. எல்லையான ஓமந்தையைத் தாண்டும்போது கைமணிக்கூட்டைத் திருப்பியவர்கள் நாங்கள். 2006இல்தான் நாடு முழுக்கத் திரும்ப ஒரே நேரமானது. அந்தப் பத்து வருடமும் ஆறு மணி எது என்பதில் பிணக்கு இருந்தது, சேவல் கூவியதில் பிணக்கு இருக்கவில்லை.

எங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. வன்னி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது பாகை அளவில் கிடக்கிறது. வருடம் முழுவதும் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே விடிந்துவிடும். ஐரோப்பாவில் மாரி காலத்தில் ஒன்பது மணி வரை இருட்டில் இருப்பவர்களுக்கு எழுதிய ஆலோசனைகளை, விசேட விளக்கு வாங்கச் சொல்வதை எல்லாம், எங்கள் பிள்ளைகள் போனில் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். முற்றத்தில் இறங்கினால் போதும். மப்பும் மந்தாரமுமான காலையில்கூட வெளியில் இருக்கும் வெளிச்சம் வீட்டுக்குள் எரியும் பல்பை விடப் பல மடங்கு கூட.

சரி, 90 நிமிடத்துக்கு வருவோம். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், நித்திரையில் சில நேரம் மூடிய இமைக்குள் கண் வேகமாக அசைவதையும், அந்த வேளையில் எழுப்பிக் கேட்டால் கனவு சொல்வதையும் எழுதினார்கள். அதற்குப் பிறகு வந்த வேலைகளில் இருந்து உறுதியானது இது: நித்திரை லேசாகத் தொடங்கி, ஆழமாகப் போய், பிறகு கனவுக் கட்டத்துக்கு வந்து, திரும்பவும் அதே சுற்று. ஒரு இரவில் நாலைந்து சுற்று, சிலருக்கு ஆறு. ஆழ்ந்த நித்திரை பெரும்பாலும் இரவின் முதல் பகுதியிலேயே முடிந்துவிடும். விடியப்புறம் போகப் போகக் கனவு நித்திரை கூடும். ஒரு சுற்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் எல்லோரும் சிறிது முழிப்பார்கள். பெரும்பாலும் காலையில் அது நினைவில் இருக்காது.

உறுதியில்லாத இடம் எதுவென்றால், 'சரியாக 90 நிமிடம்' என்பது. அது ஒரு சராசரி. ஒருவருக்கே முதல் சுற்று 70 நிமிடமாகவும் பின்னால் வருவது 110 ஆகவும் இருக்கலாம். நேற்று ஒரு மாதிரி, இன்று ஒரு மாதிரி. இத்தனை மணிக்குப் படுத்தால் இத்தனை மணிக்கு அலாரம் வை என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் செயலிகளுக்கு இதனால்தான் அடித்தளம் இல்லை. ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: சுழற்சியைப் பார்த்து நேரம் குறிக்க வேண்டாம், குறிக்கவும் முடியாது.

வோச் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். நித்திரையின் கட்டத்தை உண்மையாக அளப்பதென்றால் தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலையைப் பார்க்க வேண்டும். கையில் கட்டியிருப்பது உங்கள் அசைவையும் நாடியையும் வைத்து ஊகிக்கிறது. மொத்தம் எத்தனை மணித்தியாலம் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். கட்டம் பிரிப்பதில் பிழை விடும். அசையாமல் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் நித்திரை என்று எழுதிவிடும். இன்னொன்று, ஆழ்ந்த நித்திரை வயதோடு குறைவது இயற்கை. உங்கள் வயதில் 5 மணித்தியால இரவு நித்திரைக்குள் 40 நிமிடம் என்பது, அந்த எண் உண்மையாக இருந்தாலும், பயப்பட ஒன்றுமில்லை. காலையில் எழும்பியதும் முதலில் அதைப் பார்த்து, அது சொல்வதை வைத்து அன்றைக்கு உங்களுக்குக் களைப்பா இல்லையா என்று தீர்மானிக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதுதான் எனக்குக் கவலை. ஒரு மாதத்துக்கு இரவில் அதைக் கழற்றி அலுமாரிக்குள் வையுங்கள்.

"அந்தக் காலத்தில் பொழுது பட்டால் படுப்பார்கள், கோழி கூவ எழும்புவார்கள், அதனால் நானும் வேளைக்குப் படுக்கிறேன்" என்றும் சொல்லியிருந்தீர்கள். கனபேர் இப்படி நினைக்கிறார்கள். மின்சாரம் இல்லாமல் வாழும் மூன்று சமூகங்களை, தான்சானியா, நமீபியா, பொலிவியா ஆகிய நாடுகளில், கருவி கட்டி அளந்து 2015இல் வெளியிட்டார்கள். அவர்கள் பொழுது பட்டுச் சராசரியாக மூன்று மணித்தியாலத்துக்கு மேல் கழித்துத்தான் படுத்தார்கள். நித்திரை 5.7 முதல் 7.1 மணித்தியாலம் வரை. பெரும்பாலும் சூரியன் வர முன்னரே எழும்பினார்கள். எங்கள் பக்கத்திலும் மண்ணெண்ணெய் விளக்குக் காலத்தில் எட்டு மணிக்கு யாரும் படுத்ததாக எனக்குத் தெரியவில்லை. திண்ணைக் கதை இருந்தது, முற்றத்தில் பனையோலைப் பாயில் கிடந்து ஊர்வம்பு இருந்தது, கோவலன் கூத்து என்றால் விடிய விடிய. எட்டே முக்காலுக்குப் படுப்பது பழக்கமில்லாத புதுப்பழக்கம். நித்திரை கெட்டுப்போகும் என்ற பயத்தில் வந்தது.

நித்திரையைக் கட்டளை போட்டு வரவழைக்க ஏலாது. எழும்பும் நேரத்தை மட்டும் எங்கள் கையில் வைத்திருக்கலாம். ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: எத்தனை மணிக்குப் படுப்பது என்ற யோசனையை விட்டுவிட்டு, எழும்பும் நேரத்தைப் பிடியுங்கள். ஐந்து மணி என்றால் திங்களும் ஐந்து, ஞாயிறும் ஐந்து, போயா தினத்திலும் ஐந்து. மிஞ்சினால் அரை மணித்தியாலம் விட்டுக்கொடுக்கலாம். எட்டு மணி வரை படுக்கிற ஞாயிறு, உள்ளே இருக்கும் மணிக்கூட்டைப் பின்னே தள்ளிவிடுகிறது. திங்கட்கிழமை முதல் பாடவேளையில் நீங்களே பிள்ளைகளோடு சேர்ந்து தூங்கி வழிவது அதனால்தான். எழும்பி முகம் கழுவி, விடிந்ததும் வெளியில் இறங்கி, மாட்டுக்கு வைக்கோல் போடுவதோ, பூவுக்குத் தண்ணீர் விடுவதோ, அரை மணித்தியாலம் வெளிச்சத்தில் நில்லுங்கள்.

பின்னேரப் படுக்கையை 20 நிமிடமாக்குங்கள், மூன்று மணிக்கு முன்னர். முழுக்க விட முடியாது என்று எனக்குத் தெரியும். சோறு சாப்பிட்டு, வெயில் தகரத்தில் அடிக்கும் நேரத்தில் கண் சொருகாமல் இருக்க யாரால் முடியும்? கதிரையில் சாய்ந்து படுங்கள், பாய் விரிக்க வேண்டாம். பாய் விரித்தால் நாலரைதான். இரண்டு மணித்தியாலம் நித்திரை கொண்டால், காலையிலிருந்து ஏறி வந்த அழுத்தத்தின் பெரும்பகுதியை அங்கேயே இறக்கிவிடுகிறீர்கள். பிறகு இரவுக்கு என்ன மிஞ்சும்?

இரவில் பத்தரைக்கு முன்னர் படுக்கைக்குப் போக வேண்டாம். கேட்க விசித்திரமாக இருக்கும், நித்திரை இல்லை என்று வந்தவனைப் பிந்திப் படு என்கிறாரே என்று. ஆனால் நீண்ட நாள் நித்திரையின்மைக்கு இன்று முதலாவது வைத்தியமாகச் சொல்லப்படும் நடத்தைச் சிகிச்சையின் இரண்டு தூண்களில் ஒன்று இது. படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைத்து, கிடக்கும் நேரமெல்லாம் நித்திரையாக்குவது. ஆர்தர் ஸ்பீல்மன் என்பவர் 1987இல் இதை முறைப்படுத்தினார். மற்றத் தூண் 1972இல் ரிச்சர்ட் பூட்சின் சொன்னது: நித்திரை வராவிட்டால் படுக்கையை விட்டு எழும்பு, கண் சொருகினால் மட்டும் திரும்பிப் போ. மூன்று மணித்தியாலம் புரண்டு கிடந்தால் பாயைக் கண்டதும் மூளை முழித்துக்கொள்ளப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் இந்த வேலை. 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி மருந்துக்கு முன்னர் இந்தச் சிகிச்சையைத்தான் கொடுக்கச் சொல்லி வழிகாட்டல் வெளியிட்டது.

எங்கள் வீடுகளில் இதை எப்படிச் செய்வது என்பது வேறு கேள்வி. வீட்டுத்திட்ட வீட்டில் இரண்டு அறை, ஒன்றில் பிள்ளைகள், ஒன்றில் நீங்களும் மனைவியும், விறாந்தையில் அம்மா. எழும்பி லைட்டைப் போட்டால் எல்லாரும் எழும்புவார்கள். குசினிக்குள் போய்ச் சின்ன வெளிச்சத்தில் இருங்கள். முருங்கையிலை உருவலாம், நாளைக்குத் தேவையான பயறு பொறுக்கலாம், தேவாரம் மெதுவாகச் சொல்லலாம். மணி பார்க்க வேண்டாம், போன் எடுக்க வேண்டாம், வினாத்தாள் திருத்த வேண்டாம். ஒரு வேலை சலிப்பாக இருக்க வேண்டும், இருந்தாலும் கோபம் வரக்கூடாது. மாணவர் வினாத்தாள் இரண்டாவது நிபந்தனையில் தோற்றுவிடும்.

முதல் பத்து நாளும் இப்போது இருப்பதை விட மோசமாக இருக்கும். இதைச் சொல்லாமல் ஆலோசனை சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். பகலில் அசதி வரும், எரிச்சல் வரும். அந்த நாட்களில் முல்லைத்தீவுக்கோ மாங்குளத்துக்கோ தூரம் மோட்டார் சைக்கிள் ஓடாதீர்கள். இரவில் பாயில் கிடக்கும் நேரத்தில் பெரும்பகுதி நித்திரையாகத் தொடங்கினால், கிழமைக்குக் கால் மணித்தியாலமாகப் படுக்கும் நேரத்தை முன்னே கொண்டுவரலாம். ஆனால் எந்த நிலையிலும் படுக்கை நேரத்தை ஐந்தரை மணித்தியாலத்துக்குக் கீழே இறக்க வேண்டாம். வலிப்பு உள்ளவர்கள், மனநிலை மிகவும் ஏறி இறங்கும் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தாங்களாகச் செய்யவே கூடாது. மருத்துவரோடு பேசித்தான்.

தேத்தண்ணியைப் பற்றி ஒரு சொல். அடினோசின் போய் உட்காரும் இடத்தில் தேத்தண்ணியில் இருக்கும் காஃபின் முந்திப் போய் உட்கார்ந்துகொள்ளும். அழுத்தம் இருக்கும், உங்களுக்குத்தான் தெரியாது. குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணித்தியாலம் செல்லும். ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் உண்டு. ஐந்து மணிக்குக் குடித்த இரண்டு சாயத் தேத்தண்ணியில் ஒன்று இரவு பத்து மணிக்கும் உங்களோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "நான் குடித்தாலும் நித்திரை வரும்" என்பவர்களுக்கும் வருவது லேசான நித்திரையாக இருக்கலாம். பின்னேரம் மல்லித்தண்ணியோ இஞ்சி போட்ட வெந்நீரோ குடியுங்கள். வீட்டுக்கு வந்தவர்கள் நீட்டும் தேத்தண்ணியை மறுக்க முடியாத சங்கடம் எனக்கும் தெரியும். அரைக் கோப்பையோடு நிறுத்துங்கள்.

போன் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுவது கொஞ்சம் மிகை. திரையின் நீல வெளிச்சம் மெலடோனினைத் தள்ளிப்போடும் என்பது உண்மை. எவ்வளவு என்று பார்த்தால், நித்திரை வரும் நேரத்தில் வரும் வித்தியாசம் சில நிமிடக் கணக்கில்தான் பல ஆய்வுகளில் வருகிறது. பகலில் வெளியில் நின்றவர்களுக்கு இன்னும் குறையும். வெளிச்சத்தை விடக் கெடுதல் போனில் வரும் பேச்சு. கனடாவில் இருக்கும் தங்கைக்கு அப்போதுதான் பகல், பத்தரைக்கு அவள் எடுத்தால் காணிப் பிரச்சினை முழுக்க வந்துவிடும். அந்த அழைப்பை விடியக்காலை ஐந்தரைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே அது இரவின் தொடக்கம், இருவருக்கும் சரிவரும்.

சூடு எங்கள் பக்கத்தில் பெரிய எதிரி. நித்திரை வருவதற்கு உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். பகல் முழுக்க வெயில் குடித்த சுவரும் சீற்றும் அதை நடுச்சாமம் வரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சித்திரை, வைகாசியில் படுக்க ஒரு மணித்தியாலத்துக்கு முன் குளியுங்கள். கிணற்றுத் தண்ணீர் என்றாலும் சரி, இளஞ்சூடு என்றாலும் சரி. யன்னலைத் திறந்து, நுளம்பு வலையை ஒழுங்காகச் செருகிப் படுங்கள். வலைக்குள் ஃபான் காற்றுக் குறையும் என்று வலையைத் தூக்கிவிடுகிறவர்கள் இரவெல்லாம் கையால் விசிறிக்கொண்டுதான் கிடக்கிறார்கள்.

இனிக் காவல். மார்கழி, தையில் கதிர் முற்றும்போது யானை வராத இரவு அதிர்ஷ்டம், அதை விடச் சொல்ல எனக்கு வாய் வராது. நெல்லை விட்டுவிட்டு நித்திரைப் பழக்கம் பேசுவது எழுதுகிறவனுக்குச் சுகம். காவல் நாட்களுக்கு வேறு சட்டம். அன்று பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம் பாய் விரித்தே படுங்கள். தேத்தண்ணி குடிப்பதென்றால் காவலின் முதல் பாதியில், பன்னிரண்டுக்கு முன். பக்கத்து வயல்காரரோடு இரவைப் பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் அதே பாதியை எடுங்கள். முன்சாமம் காப்பவர் முன்சாமமே காக்கட்டும், மாறி மாறி எடுத்தால் இருவர் உடம்பும் கெடும். மூன்றிலிருந்து ஐந்து மணி வரை உடம்புச் சூடு ஆகக் குறைவாக இருக்கும் வேளை. கண் திறந்திருந்தும் மூளை பாதி படுத்திருக்கும். யானை வெடி கையில் வெடித்துக் காயத்தோடு வந்தவர்களுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். அந்த வேளையில் பரணில் தனியே இருக்க வேண்டாம், வெடியைக் களைத்த கை கொளுத்த வேண்டாம். விடிந்து வீட்டுக்கு வந்தால், பள்ளிக்கூடம் இல்லாத நாளில், சாரத்தால் கண்ணை மூடி இரண்டு மூன்று மணித்தியாலம் படுத்து, நடுப்பகலுக்கு முன் எழும்புங்கள். அன்றிரவு வழமையான நேரம். கிழமைக்கு இரண்டு முறை மணிக்கூடு குழம்புவதை முழுமையாகச் சரிசெய்ய எந்த வித்தையும் கிடையாது, சேதத்தைக் குறைக்கலாம் அவ்வளவுதான்.

அம்மாவின் குளிசை: போடாதீர்கள். நித்திரைக்கென்று கொடுக்கும் குளிசைகளில் பல, சில கிழமைகளிலேயே உடம்பைப் பழக்கிவிடும். பிறகு அதே அளவு வேலை செய்யாது. நிறுத்தினால் முன்பிருந்ததை விட மோசமாக நித்திரை போகும், அதைப் பார்த்து "எனக்கு மருந்து இல்லாமல் ஏலாது" என்ற முடிவுக்கு வருவார்கள். இதே காரணத்தால் அம்மாவுக்கும் சொல்லுங்கள், பயந்து திடீரென்று நிறுத்திவிட வேண்டாம். நீண்ட நாள் எடுத்தவர்கள் சடுதியாக விட்டால் வலிப்புகூட வரலாம். கிளினிக்கில் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வயதானவர்கள் இரவில் எழும்பி நடக்கும்போது விழுந்து இடுப்பு எலும்பை முறிப்பதில் இந்தக் குளிசைகளுக்குப் பங்கு உண்டு. தடிமனுக்குக் கொடுக்கும் மஞ்சள் குளிசையை நித்திரைக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கும் சில நாளில் உடம்பு பழகிவிடும், மறுநாள் மந்தம் மட்டும் மிஞ்சும். கள்ளோ சாராயமோ படுக்க வைக்கும், இரண்டு மணிக்கு எழுப்பியும் விடும். நீங்கள் குடிப்பதாக எழுதவில்லை, வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நீங்கள் ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போன விஷயம் ஒன்று இருக்கிறது. "சில நாள் பழைய கனவு வரும், அது பரவாயில்லை" என்று. அது பரவாயில்லை என்று நான் கடந்துபோக மாட்டேன். பயங்கரக் கனவு பெரும்பாலும் இரவின் பின்பாதியில், கனவு நித்திரை கூடும் வேளையில் வரும். யுத்த காலத்தில் வண்டு என்ற வேவு விமானம் சுற்றும் சத்தத்துக்கும் கிபிர்க் குண்டுவீச்சு விமானத்துக்கும் காது கொடுத்தபடியே நித்திரை கொண்டு பழகிய உடம்பு, எத்தனை வருடம் போனாலும் அதே நேரத்தில் திடுக்கிட்டு எழும்புவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பங்கருக்குப் போக என்று பிள்ளையைத் தேடிக் கை நீட்டுவார்கள், பிள்ளை வளர்ந்து கொழும்பில் வேலை செய்யும். நீங்கள் முழித்ததும் நெஞ்சு படபடத்து, வேர்த்து, கதவைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவராக இருந்தால், மேலே சொன்ன நேரக் கணக்கு மட்டும் போதாது. இதற்கு மருந்தில்லாத ஒரு முறை உண்டு. பகலில், பயமில்லாத வேளையில், அந்தக் கனவை எடுத்து அதன் முடிவை நீங்கள் விரும்பியபடி மாற்றி, மாற்றிய கனவை ஒவ்வொரு நாளும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. பலருக்குக் கனவு குறைகிறது. எல்லாருக்கும் என்று சொல்ல முடியாது. தனியே செய்வதை விட உளவளத்துணையாளர் ஒருவரோடு செய்வது நல்லது. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். போவதைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தால், முதலில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம் பார்க்காமல் விட முடியாது. இரண்டு மணிக்கு உங்களை எழுப்புவது சிறுநீரா? ஒரு இரவில் இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருந்தால், பகலிலும் தாகம் இருந்தால், சீனி பாருங்கள். 43 வயதில், எங்கள் சாப்பாட்டில், அதை வருடத்துக்கு ஒரு முறை பார்ப்பது எப்படியும் நல்லது. மற்றது குறட்டை. மனைவியிடம் கேளுங்கள். குறட்டை பெரிதாகி, சில விநாடி மூச்சே இல்லாமல் போய், பிறகு திணறிக்கொண்டு இழுப்பதாக அவர் சொன்னால், அது நித்திரையில் மூச்சுப்பாதை அடைபடும் நோயாக இருக்கலாம். எவ்வளவு நேரம் படுத்தாலும் பகலில் களைப்புப் போகாது, பிரஷரும் ஏறும். அதை மேலே சொன்ன பழக்கங்கள் எதுவும் தீர்க்காது. நித்திரைக் குளிசை அதை இன்னும் மோசமாக்கும்.

ஆறு கிழமை இப்படி நடந்து பாருங்கள். ஒரு பழைய கொப்பியில் நாளுக்கு ஒரு வரி போதும்: பாயில் விழுந்த நேரம், எழும்பிய நேரம், பின்னேரம் படுத்தது எவ்வளவு, கடைசித் தேத்தண்ணி எப்போது, காவல் இரவா இல்லையா. நிமிடம் வரை சரியாக எழுத வேண்டாம், காலையில் குத்துமதிப்பாக எழுதுங்கள். ஆறு கிழமைக்குப் பிறகும் கிழமைக்கு மூன்று இரவுக்கு மேல் இப்படியே இருந்தால், அல்லது அதற்கு முன்னரே எதிலும் மனம் ஒட்டாமல், சாப்பாடு இறங்காமல், வாழ்ந்து என்ன என்ற யோசனை வந்தால், காத்திருக்காமல் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். கொப்பியையும் கொண்டுபோங்கள். அங்கே உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். "நித்திரை இல்லை டொக்டர்" என்று மட்டும் சொன்னால் அந்த நேரத்துக்குள் குளிசை எழுதத்தான் அவருக்கு முடியும்.